‘வவுச்சர்’: உறுதிச்சீட்டா, மாணவர்தொடர் மானியமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கல்விக் கொள்கையில் வரும் ‘வவுச்சர்’ (பிள்ளை சேரும் பாடசாலைக்கு அரசின் பணம் செல்லும் முறை) என்பதற்குத் தமிழில் ‘கல்வி உறுதிச்சீட்டு’ என நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கீட்டுப் பாடத்தில் உறுதிச்சீட்டு என்பது கொடுப்பனவுக்கான சான்று. மாணவர் அப்பொருளையே முதலில் நினைப்பர். ‘கல்விச் சீட்டு’ என்றால், இங்கே திருகோணமலையில் மாதாமாதம் பிடிக்கும் சீட்டுடன் மயங்கும். ‘வவுச்சர்’ என்றே விட்டால், சீருடைத் துணிக்குப் பதிலாகச் சில ஆண்டுகள் பாடசாலையில் தந்த தாள்தான் பெற்றோரின் நினைவுக்கு வரும்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். கல்விக்கு அரசு பணம் கொடுக்கலாம், ஆனால் பாடசாலையை அரசே நடத்த வேண்டியதில்லை என்று 1955இல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் பிரீட்மன் எழுதினார். பெற்றோர் தாம் விரும்பும் பாடசாலையில் அப்பணத்தைச் செலவிடுவர், பிள்ளைகளைப் பெறப் பாடசாலைகள் போட்டியிடும், அப்போட்டியால் தரம் உயரும் என்பது அவ்வாதம். தென்னமெரிக்க நாடான சிலியின் இராணுவ அரசு 1981இல் இதை நாடளாவிய முறையாக்கியபோது, பெற்றோர் கையில் சீட்டு எதுவும் கொடுக்கப்படவில்லை. பிள்ளை எந்தப் பாடசாலைக்குச் செல்கிறதோ அந்தப் பாடசாலைக்கே, பிள்ளைகளின் வரவைக் கணக்கிட்டு, அரசு நேராகப் பணம் செலுத்தியது. ஆகவே சீட்டு இம்முறையின் உயிர் அன்று. பணம் பிள்ளையைப் பின்தொடர்வதே அதன் உயிர்.

இதனால் ‘மாணவர்தொடர் மானியம்’ என்பதை முன்மொழிகிறேன். மாணவரைத் தொடரும் மானியம் என அது விரியும். ‘தொடர் மானியம்’ எனப் பிரித்துப் படிக்கும் இடர் உண்டாதலால், முதலிரு சொற்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

‘தெரிவுச்சீட்டு’ என்ற மற்ற முன்மொழிவு கேட்க இனியது. அதனாலேயே அதை அஞ்சுகிறேன். நிறுவப்பட வேண்டிய வாதத்தை அச்சொல் முன்கூட்டியே உண்மையாக்கிவிடுகிறது. எங்கள் மாவட்டத்தின் வெருகலில் உள்ள ஒரு குடும்பத்துக்கு, பிள்ளை நாள்தோறும் போய்வரக்கூடிய தூரத்தில் இன்னொரு பாடசாலை இருந்தால்தானே தெரிவு? சிலியிலும் மானியம் பெற்ற தனியார் பாடசாலைகள் கட்டணம் வசூலிக்கவும் பிள்ளைகளை வடிகட்டவும் இடமிருந்ததால், பல வேளைகளில் தெரிவு செய்தது பெற்றோர் அல்லர், பாடசாலையே. இவற்றைப் படிப்படியாக நீக்க அங்கு 2015இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. 1945 முதல் இலங்கையின் இலவசக் கல்வியால் வளர்ந்த நாம், அதை மாற்ற வரும் எந்த முன்மொழிவையும் சாய்வில்லாத சொல்லால் எடைபோட வேண்டும்.

பெற்றோர் கையில் உண்மையாகவே தாள் கொடுக்கப்படும் நாடுகளைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘மானியச் சீட்டு’ எனலாம்.