எஸ்கார்ட்டில் ஐந்து கியர் பாக்ஸ்: பின்பக்கத்தை எதில் தாங்குவது?

அண்ணன்மாரே, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டிய 1979 ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2, பின்டோ 2.0 எஞ்சின். பழைய நாலு கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஃபோர்டு சியரா காரில் இருந்த டைப் 9 ஐந்து கியர் பாக்ஸைப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. டைப் 9 நீளம் அதிகம். மவுண்ட் (பாக்ஸின் பின்பக்க ரப்பர் பிடி) பின்னால் தள்ளிப் போய்விட்டதால் பழைய கிராஸ்மெம்பர் (அதை அடியில் தாங்கும் குறுக்குச் சட்டம்) எட்டவில்லை. பக்கத்து வொர்க்‌ஷாப்பில் 5 மி.மீ. தகட்டில் ஒன்று வெல்டு செய்து கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மணிக்கு 80 கி.மீ.-ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் அதிர்வு. பைன்டவுனில் இருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கியர் லீவர் விரல் அளவுக்கு வலது பக்கம் சாய்கிறது. காலை எடுத்தால் 'டொக்'.

மவுண்ட் ரப்பர் புதுசு. புரொபெல்லர் ஷாஃப்டை (கியர் பாக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) குட்டையாக்கி பேலன்ஸும் செய்தாயிற்று, அதன் மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட்டும் மாற்றியாயிற்று. எஞ்சின் மவுண்ட் இரண்டும் புதுசு. கோணம் அளந்தேன்: கியர் பாக்ஸ் பின்பக்கம் 4.5 டிகிரி கீழே, டிஃப் (பின் அச்சில் உள்ள டிஃபரென்ஷியல்) மூக்கு 3 டிகிரி மேலே. இரண்டும் சமமாக வரட்டும் என்று கியர் பாக்ஸ் பின்பக்கத்தை 12 மி.மீ. தகடு வைத்துத் தூக்கினேன். அதிர்வு பாதியாகக் குறைந்தது. ஆனால் கியர் லீவர் அடிப்பாகம் டனலில் (கியர் பாக்ஸை மூடும் தரை மேட்டில்) உரசுகிறது. அங்கே பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கிறது. அப்பாவின் காரில் டனலை வெட்ட மனசு வரவில்லை.

இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: டனலை வெட்டாமல் கோணத்தைச் சரிசெய்ய, கிராஸ்மெம்பரை எங்கே, எப்படிப் பிடித்தீர்கள்?