புதுப்பிப்பு: மஸ்டடான் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றியாயிற்று

மஸ்டடான் என்பது ஆளாளுக்குத் தனித்தனி சர்வர் நடத்தி, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளம். மதுரைக் கோயில் சிற்பப் படங்களைப் போட்டுவரும் எங்கள் மஸ்டடான் கணக்கு இருந்த சர்வர் மூடப்படுகிறது, பின்தொடர்பவர்களை இழக்காமல் மாறுவது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது திண்டுக்கல் அண்ணன் சொன்ன வழி. முதலில் புதுக் கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியைப் பதிய வேண்டும். அதன் பிறகே பழைய கணக்கில் நுழைந்து மாற்றத்தைக் கொடுக்க வேண்டும். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தாக வேண்டும். பின்தொடர்பவர்கள் தானாக வந்துசேர்ந்தார்கள். நாம் பின்தொடர்வோர், தடுத்தோர் பட்டியல்களை மட்டும் சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாகப் பழைய கணக்கிலிருந்து இறக்கிப் புதுக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று. சிலர் வரவே இல்லை. அவர்கள் இருக்கும் சர்வரையே புது சர்வர்க்காரர்கள் தடுத்து வைத்திருக்கிறார்கள். மையம் இல்லை என்றுதான் பெயர், ஊருக்கு ஊர் ஒரு நாட்டாமை! பல சர்வர்களின் அறிமுகப் பக்கத்திலேயே தடுத்தவற்றின் பட்டியல் இருக்கும். சேரும் முன் பார்த்துவிடுங்கள்.

பழைய பதிவுகள் வராது என்று சொன்னீர்கள், வரவில்லை. பழைய பதிவுகளும் படங்களும் அடங்கிய காப்பகத்தை இறக்கிக்கொண்டேன் (7 நாளுக்கு ஒருமுறைதான் கேட்கலாம்). புதுமண்டபத் தூண் படங்களுக்குப் பார்வையற்றோருக்காக எழுதிய விளக்கங்கள் போயே போய்விட்டன என்று நினைத்தேன். அந்தக் காப்பகத்தில் பதிவுகள் இருக்கும் அவுட்பாக்ஸ்.ஜேசன் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு படத்தோடும் 'நேம்' என்ற இடத்தில் அப்படியே இருக்கின்றன.

அப்புறம், ஒருமுறை மாற்றினால் அந்தக் கணக்கிலிருந்து 30 நாளுக்கு மறுபடி மாற்ற முடியாது.