ஃபர்லோவுக்குத் தமிழ்: 'தற்காலிகப் பணிநீக்கம்' சரியா?

நாகர்கோவில்:
நம் கலைச்சொல் பட்டியலில் ஃபர்லோவுக்கு (furlough: திரும்பக் கூப்பிடும் உரிமையோடு ஊழியரைச் சம்பளமின்றி வெளியே நிறுத்துவது) எதிரே 'தற்காலிகப் பணிநீக்கம்' என்று கிடக்கிறது. விமான நிறுவனச் செய்திக்கு அது உதவாது. அமெரிக்க விமான நிறுவனங்களான அமெரிக்கன், யுனைட்டெட் இரண்டும் சேர்ந்து 2020 அக்டோபர் 1-இல் ஏறத்தாழ 32,000 பேரை ஃபர்லோவில் வெளியே நிறுத்தின. அரசின் ஊதிய உதவி முந்தின நாளோடு முடிந்திருந்தது. ஆனால் அவர்களின் பணிமூப்பு எண் சாகவில்லை. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே. கூப்பிடும்போது வெளியே நிற்பவர்களில் மூத்தவர் முதலில் உள்ளே. 'காத்திருப்பு விடுப்பு' என்று வைக்கலாமா?

தக்கலை:
வேண்டாம் அண்ணாச்சி. அரசு ஊழியரிடம் 'கட்டாயக் காத்திருப்பு' என்று சொல்லிப் பாருங்கள். அந்த நாட்களைப் பணிக்காலமாக முறைப்படுத்திச் சம்பளம் வாங்கிவிடலாம் என்பார். 'விடுப்பு' ஏற்கெனவே குழம்பிக் கிடக்கிறது: 2020-இல் ஏர் இந்தியாவின் சம்பளமில்லா விடுப்பில் ஊழியரே கேட்டும் போகலாம், நிர்வாகமே அனுப்பவும் செய்யலாம். லே-ஆஃபும் (வேலை கொடுக்க முடியாமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) ஆகாது. கொட்டை வராமல் அண்டியாபீசு (முந்திரி ஆலை) பூட்டிக் கிடந்தால், தொழிலாளர் சட்டப்படி தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி உண்டு.

மார்த்தாண்டம்:
ஃபர்லோவின் உயிரே வேலைக்குத் திரும்பும் உரிமையில்தான் இருக்கிறது. 'மீளுரிமைப் பணிவிலக்கு' என்பேன். 'பணிநிறுத்தம்' என்றால் ஸ்டிரைக் என்று படித்துவிடுவார்கள். கூப்பிடுவது (recall) 'மீளழைப்பு', 'திரும்பப் பெறுதல்' பழுதான காருக்கு.

இரண்டு நாட்களைப் பிரித்தே சொல்ல வேண்டும்: மீளழைப்பு நாள், பணியேற்பு நாள். 90 நாளுக்குள் மூன்று முறை விமானத்தை மேலே ஏற்றித் தரையிறக்காத விமானி பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. முதலில் சிமுலேட்டரில் (விமான ஓட்டத்தைப் போலச் செய்து காட்டும் பயிற்சிக் கருவி) உட்கார வேண்டும். (அதற்கு 'பாவிப்பி' என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) சிமுலேட்டர் கொஞ்சம்தான், ஆள் நிறைய. அதனால்தான் மீளழைப்புக் கடிதம் வந்தும் பறக்க மாதங்கள் ஆகின்றன. கடிதத்துக்குக் கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் உரிமையே போய்விடலாம். அதற்கு 'மீளுரிமை இழப்பு'.

தக்கலை:
ஆளைக் குறைக்க நிறுவனம் தரும் முன்கூட்டிய ஓய்வுச் சலுகைக்கு 'விருப்ப ஓய்வு' போதும். 'கட்டாய ஓய்வு' அரசுப் பணியில் தண்டனை. விருப்ப ஓய்வில் போனவர் பணிமூப்புப் பட்டியலை விட்டே போகிறார், அவருக்கு மீளழைப்பு இல்லை. 65 வரை இருந்திருக்கக்கூடிய பெரிய விமானக் கேப்டன் 62-இல் போனால், அந்த இருக்கைக்குச் சின்ன விமானக் கேப்டன் வருவார், அவர் இடத்துக்குத் துணை விமானி ஏறுவார், துணை விமானியின் இடத்துக்கு இன்னொருவர் வருவார். ஒருவர் போக, பயிற்சி மூன்று பேருக்கு.

நாகர்கோவில்:
'மீளுரிமைப் பணிவிலக்கு' நீளம்தான், ஆனாலும் ஏற்றிவிடுகிறேன். 'மீள்விலக்கு' என்று சுருக்கினால் மறுபடியும் விலக்கியதாகத் தோன்றும். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.