மலிவு அயனால மரத்துல சுட்டு வரையத் தொடங்கின ஆக்கள், உங்கட அனுபவத்தையும் சொல்லுங்க

கல்லடியில இருந்து

மரத்துல சுட்டு வரையுற வேலை, வுட் பர்னிங் எண்டு சொல்லுற, அதப் பழக ஆசையா இருக்கு என்ன வாங்குற எண்டு கேக்குற ஆக்கள் இப்ப கூடிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி வாய் நோகுது, அதால எனக்குத் தெரிஞ்சத எல்லாம் இதுல கொட்டுறன், விட்டதுகள மத்த ஆக்கள் சொல்லுங்க.

ரெண்டு சாதி கிடைக்கும். ஒண்டு பாக்க சோல்டரிங் அயன், அதாவது ஈயம் உருக்கி வயர் ஒட்டுற அயன் மாதிரித்தான், நுனியில பித்தளை முனை ஒண்டத் திருகிப் போடுறது. மற்றது ஒரு சின்னப் பெட்டி, அதுல இருந்து வயர் வரும், வயர்ட நுனியில பேனை, பேனையில மெல்லிய நைக்ரோம் கம்பி வளைச்சுப் பூட்டியிருக்கும். முதலாவது மலிவு, ஆனா சூடேற அஞ்சு பத்து நிமிசம் எடுக்கும், ஆற அதுக்கும் கூட. ரெண்டாவது போட்ட உடன சூடாகும், கூட்டினாக் குறைச்சா அந்தக் கணமே கையில தெரியும், விலை பல மடங்கு. பழகப் போற ஆளுக்கு முதலாவது காணும் எண்டுதான் நான் சொல்லுவன், ஆனா பிடியில சூடு கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கிறதாப் பாத்து எடுங்க. திருகு இல்லாத அயன் ஒரே சூட்டுல நிக்கும், கடுங்கோடு போடலாம், மெல்லிசா நிழல் விழுத்துறதுக்கு கை நல்லாப் பழகியிருக்கணும்.

அந்தத் திருகுல 200, 300, 450 எண்டு நம்பர் அடிச்சிருக்கும். அத வேதவாக்கா எடுக்காதீங்க. வேலை செய்யப் போற மரத்துலயே ஒரு துண்டு வெட்டி வச்சுக்கொண்டு அதுல இழுத்துப் பாருங்க, தேத்தண்ணிக் கலர் வருதா கரி பிடிக்குதா எண்டு பாத்துத்தான் சூட்டப் பிடிக்கிற. ஒவ்வொரு தரமும் படத்துல வைக்க முதல் அந்தத் துண்டுல ஒருக்கா ஒத்தி எடுத்திட்டு வைங்க, இல்லாட்டி தொடங்குற இடத்துல கறுப்புப் பொட்டு விழும், அது சாண்ட்பேப்பருக்கும் போகாது. முனைய நிப்பாட்டி வச்சிட்டு இழுக்காம, கை ஓடிக்கொண்டு இருக்கக்குள்ளயே மரத்துல இறக்கணும், எடுக்கக்குள்ளயும் அப்படித்தான்.

பெட்டி நிறைய முனை வருது எண்டு பெரிய செட்டுக்கு ஆசைப்படுற ஆக்களுக்கு ஒண்டு சொல்லணும். அதுல பாதி இங்கிலீஸ் எழுத்து அச்சு, எங்களுக்கு அதால என்ன பிரயோசனம். உண்மையா உழைக்கிறது மூண்டு முனைதான், கோட்டுக்கு கத்தி முனை, எழுத்துக்கும் புள்ளிக்கும் உருண்டை முனை, நிழலுக்கு தட்டையான கரண்டி முனை. புதுசா வாற ஆக்கள் எல்லாரும் முதல்ல ஊசி முனையத்தான் தூக்குவாங்க, அது நாருக்குள்ள குத்திக்கொண்டு இறங்கி நிக்கும், கோடு போகாது.

முனை மாத்துறதுக்கு அயன் ஆறணும். சூட்டோட குறடு போட்டுத் திருகினா பித்தளைப் புரி தேயும், உள்ளுக்கு இருக்கிற சூடாக்கி பீங்கான், அது வெடிச்சா அயன் போச்சு. அதால படத்துல கோடு எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சிட்டு மறுகா நிழலுக்குப் போங்க. செட்டோட வாற கம்பி ஸ்டாண்ட் வயர்ட பாரத்துக்கே கவிண்டிடும், அத ஒரு பலகையில ஸ்க்ரூ அடிச்சு இறுக்கி, கீழ டைல் துண்டு ஒண்டு போட்டுக்கொள்ளுங்க.

தமிழ் எழுத்துப் பற்றி யாரும் சொல்லுறதில்ல, அதான் இவ்வளவு நீட்டுறன். வீட்டுப் பேர்ப் பலகை, கல்யாணப் பரிசு எண்டு எங்கட ஆக்கள் முதல்ல கேக்குறது எழுத்துத்தான், எங்கட எழுத்து முழுக்க வளைவு. மரத்துட நார் ஒரு பக்கமாத்தான் ஓடும், நாரோட போகக்குள்ள முனை வழுக்கிக்கொண்டு போகும், நாருக்குக் குறுக்கால வரக்குள்ள தட்டித் தட்டி நிக்கும். 'ண' வில சுழி சுத்தக்குள்ள ஒரு பக்கம் மெலிஞ்சும் மற்றப் பக்கம் பொட்டுப் பொட்டாவும் வாறது இதாலதான். சுழிய ஒரே இழுப்புல சுத்தாதீங்க. மேல் அரைவாசிய ஒருக்கா, கீழ் அரைவாசிய ஒருக்கா, ரெண்டையும் உங்கட பக்கம் இழுத்து முடிக்கிற மாதிரி பலகையத் திருப்புங்க, கை அப்படியே நிக்கட்டும். 'ழ' வுட கால், 'ஞ' வுட வால் எல்லாத்துக்கும் இதே கதைதான். எழுத்துட ஓரத்த முதல்ல மெல்லிய கோடா எடுத்து மறுகா உள்ளுக்கு நிரப்பினா இன்னும் துப்பரவா இருக்கும்.

சாய்ந்தமருதுல இருந்து

ராத்தா நல்லாச் சொல்லியிருக்கீங்க. நான் போன் திருத்துற கடையில இரிக்கிறவன், சோல்டரிங் அயன்தான் எனக்குச் சோறு. வீட்டுல கிடக்கிற பழைய அயனாலயே பழகலாமா காக்கா எண்டு தம்பிமார் வந்து கேக்குறாங்க. அயன் ஓகே, முனை ஓகே இல்ல. பழைய சோல்டர்ல நூத்துக்கு 40 பங்கு ஈயம் இரிக்கு, பிளக்ஸ் எண்டுற பிசினும் இரிக்கு, அந்த முனைய மரத்துல வச்சா ஊத்தைக் கலர்ல இழுபடும், ஈயம் நஞ்சு எண்டது வேற. முனை தனியா வாங்க ஏலும், புதுசு ஒண்டப் போட்டு அத மரத்துக்கெண்டே வச்சிருங்க, மறந்தும் சோல்டருக்குத் தொடாதீங்க.

சோல்டரிங் முனைய அரத்தால ராவி வடிவு எடுக்கிற வேலையும் வேணாம். அது செம்பு, மேல இரும்புப் பூச்சு, பூச்சுப் போனா உள்ள செம்பு கறுத்து உதிர்ந்திடும். பித்தளை முனைக்கு அந்தப் பிரச்சின இல்ல, உங்கட விருப்பத்துக்கு ராவலாம், கரி பிடிச்சா நைஸ் சாண்ட்பேப்பர்ல மெல்லமாத் தேய்க்கலாம்.

திருகு இல்லாத சாதா அயன் வச்சிருக்கிற ஆக்கள், லைட்டுக்குப் போடுற டிம்மர் ஒண்ட பிளக் பேஸோட சேத்து வயரிங் தெரிஞ்ச ஆளக்கொண்டு பூட்டி எடுத்தா சூட்டக் குறைக்கலாம், அது சாதா அயனுக்கு மட்டும்தான், உள்ள சேர்க்கிட் இரிக்கிற அயனுக்கு வேணாம். கூடுதலா அயனுக்கு வாறது ரெண்டு உருண்டைப் பின், எங்கட வீடுகள்ல இப்ப சதுரப் பின், நல்ல அடப்டர் போடுங்க, லூசா ஆடினா அந்த இடம்தான் முதல்ல உருகும்.

திருக்கோவில்ல இருந்து

அடப்டர் எண்டு சொன்னதும்தான் ஞாபகம் வருது, எங்கட மாமாட மகன் கனடாவுல இருந்து வரக்குள்ள நல்ல பிராண்ட் அயன் ஒண்டு கொண்டந்து தந்தான், பாக்கவே வடிவு, அடப்டரும் கூட இருந்த. அவனே ஆசையாப் பிளக்குல போட்டுக் காட்டினான். கொஞ்ச நேரத்துல முனைக்குப் பின்னால சிவப்பாத் தெரியத் தொடங்கி, பிடிப் பிளாஸ்டிக் இளகி, ஒரு மணம், அவ்வளவுதான். அங்க 120 வோல்ட், இஞ்ச 230. அடப்டர் பின்னத்தான் மாத்தும், வோல்ட்ட மாத்தாது. வோல்ட் ரெண்டு மடங்கு கிட்டப் போனா சூடு நாலு மடங்கு கிட்டப் போகும் எண்டு மறுகா வயர்மேன் அண்ணன் விளங்கப்படுத்தினாரு, அதாவது 30 வாட்ஸ் அயன் 110 வாட்ஸ் இழுக்கும். வோல்ட் இறக்குற ட்ரான்ஸ்போமர் வாங்குற காசுக்கு இஞ்ச புது அயனே எடுக்கலாம். வெளிநாட்டுச் சொந்தக்காரர்ட கேக்குற ஆக்கள் அடியில 220-240 எண்டு அடிச்சிருக்கா எண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

செங்கலடியில இருந்து

அப்பா ஓடாவி, அதால நான் மரத்தப் பற்றிக் கதைக்கிறன், எல்லாரும் அயனப் பற்றியே கதைச்சா எப்படி. என்னக் கேட்டா அயனுக்குச் செலவழிக்கிறதுல பாதி கவனத்த மரத்துல வச்சாலே மலிவு அயன் நல்லா எழுதும்.

வெளிர் நிறம், நார் நெருக்கம், பால் பிசின் இல்லாதது, நல்லாக் காய்ஞ்சது, இவ்வளவுதான் தேவை. லுனுமிதெல்ல நல்லம், லேசான மரம், நிறமும் கடுமையில்ல, மரக்காலையில கழிவுத் துண்டு கேட்டா சும்மாவே தருவாங்க. அல்பீசியா மலிவு, ஆனா நார் கரடு, பெரிய எழுத்துக்குச் சரி, முகம் வரைய ஏலாது. மா மரம் பரவாயில்ல. பலா மஞ்சளா இருக்கக்குள்ள அழகா இருக்கும், வருசம் போகப்போக மண்ணிறமாக் கறுத்துக்கொண்டு வரும், நீங்க சுட்ட கோடு அதுக்குள்ள அமிழ்ந்திடும். தேக்கு எண்ணெய் மரம், நிறமும் கடுமை, புகையும் கூட. பாலை, முதிரை எல்லாம் கல்லு, பழகுற ஆள் அதுல கை வச்சா மனம் விட்டுப் போகும்.

இப்ப எல்லாரும் சாமான் அடுக்கி ஏத்துற பலட் பலகை உடைக்கிறாங்க, அது கூடுதலா பைன். பைன்ல வெள்ளை வரி மெத்து, மற்ற வரி இறுக்கம், ரெண்டும் மாறி மாறி ஓடும். கிட்ட வச்சுப் பாத்தீங்க எண்டா விளங்கும், மெத்து வரியில முனை பள்ளமா இறங்கிக் கறுக்கும், அடுத்த இறுக்கமான வரியில ஏறி வெறும் மண்ணிறம் மட்டும் பிடிக்கும், ஒரு நேர்கோடே ஏணிப்படி மாதிரி வரும். பிசின் முடிச்சுல வச்சா பொங்கிக்கொண்டு வந்து முனையில ஒட்டும். பாவிக்கத்தான் வேணும் எண்டா சூட்டக் குறைச்சு ஒரே கோட்டுல ரெண்டு மூண்டு தரம் போங்க. அதவிட முக்கியம், பலட்ல சூடு வச்ச முத்திரையப் பாருங்க. எச்டி (HT) எண்டு இருந்தா வெப்பத்துல பதப்படுத்தினது, பயமில்ல. எம்பி (MB) எண்டு இருந்தா மெத்தில் புரோமைட் வாயு அடிச்சது, அத தொடாதீங்க. முத்திரையே இல்லாட்டி என்ன சாமான் ஊத்துப்பட்ட பலட்டோ, விட்டிடுங்க.

எம்டிஎப், மரத்தூளப் பசை போட்டு அழுத்திச் செய்யுற பலகை, அத கழிவா நிறையத் தருவாங்க, வேணாம் எண்டு சொல்லுங்க, அது முழுக்கப் பசை, சுட்டா போர்மல்டிஹைட் புகை வரும். பெயிண்ட், வானிஸ் அடிச்ச பழைய பலகையும் அப்படித்தான், சுட்டு முடிச்ச பிறகுதான் வானிஸ்.

மாரியில, கார்த்திகை மார்கழி மழைக்குள்ள, வெளிய கிடந்த பலகைய எடுத்துச் சுட வேணாம். ஈரம் ஆவியாகப் போற சூடு எல்லாம் வீண், முனையில சர் எண்டு சத்தம் வரும், கோடு மங்கலாத்தான் பிடிக்கும், மறுகா அது காய்ஞ்சு வளையும். வீட்டுக்குள்ள காத்துப் படுற இடத்துல அடுக்கி வச்சுக் காய விடுங்க. வைகாசி ஆனியில கச்சான் காத்து அடிக்கக்குள்ள மரம் நல்லாக் காயும், ஆனா அந்தக் காத்துக்குள்ள விறாந்தையில இருந்து வேலை செய்ய ஏலாது, முனைட சூட்டக் காத்து அடிச்சுக்கொண்டு போயிடும், திருக எவ்வளவு கூட்டினாலும் கோடு வெளிறும். பேனுக்கு நேர கீழ இருந்தாலும் இதே பிரச்சின. பேன ஒரு பக்கத்துல வச்சு புகைய உங்கட முகத்துல இருந்து இழுத்து ஜன்னலால வெளிய தள்ளுற மாதிரி வைங்க. குனிஞ்சு படத்துக்கு மேல மூக்க வைக்கிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, பலகையக் கொஞ்சம் சரிச்சு வச்சா அது போயிடும்.

வேலைக்கு முதல் 220 நம்பர் சாண்ட்பேப்பர் போட்டு மழமழப்பா எடுங்க. படத்த மாத்துறதுக்கு நீலக் காபன் பேப்பர் வேணாம், அழியாது. பேப்பருக்குப் பின்பக்கம் பென்சிலால தேய்ச்சிட்டு முன்பக்கம் கீறினாக் காணும், மிஞ்சினத றப்பர் போட்டு அழிக்கலாம்.

பொத்துவில்ல இருந்து

நான் அருகம்பேக்கு வாற வெள்ளைக்காரங்களுக்கு பேர்ப் பலகை, திறப்புக் கோர்வை செஞ்சு குடுக்கிறன். கடற்கரையில ஒதுங்குற கட்டைய எடுத்துச் சுடலாம் எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க, வடிவாத்தான் இருக்கும், ஆனா உப்பு ஊறின மரம், முனைய அரிக்கும், அந்தப் புகையும் கூடாது. நல்ல தண்ணியில மாத்தி மாத்தி ஊற வச்சு, வடிவாக் காய விட்டு, கீறல் வேலைக்கு எடுத்தாலும் சுடுறதுக்கு எனக்கு மனமில்ல. சிரட்டை நல்ல சாமான், காசும் இல்ல, வெளிய நாரச் சுரண்டிச் சாண்ட்பேப்பர் போட்டா மினுங்கும், ஆனா இறுக்கம், வளைவு, அடி நிறமே கடுமை, அதால நுணுக்கமா வரைஞ்சா தெரியாது, தடிச்ச கோடும் புள்ளியும்தான் எடுபடும்.

வெயிலுக்கு வெளிய தொங்குற பலகை மங்கும், இத வாங்குற ஆளுக்கு முதலே சொல்லிடுங்க. வானிஸ் அடிச்சாலும் வெயில் நேரடியாப் பட்டா மண்ணிற நிழல்தான் முதல்ல போகும், கரியாச் சுட்ட ஆழமான எழுத்து நிக்கும். நான் வெளிப் பலகைக்கு நிழலே போடுறதில்ல, வெறும் எழுத்து மட்டும், கூரைக்கு அடியில மாட்டச் சொல்லுறன்.

வயர் பேனை இப்ப வச்சிருக்கன், நல்லம்தான், நாள் முழுக்க பிடிச்சாலும் கை சுடாது, முனைக்குக் கிட்டப் பிடிக்கலாம், அதால எழுதுற மாதிரி வரும். மலிவு அயன் தூரத்தால பிடிக்கணும், கை ஆடும். ஆனா ஆழமாக் கறுப்பா நிரப்புற வேலைக்கு இப்பவும் அந்தப் பழைய அயனத்தான் எடுக்கிறன், பித்தளைக் கட்டி சூட்டத் தேக்கி வச்சிருக்கும், மெல்லிய கம்பி பெரிய இடத்துல ஆறிப் போகும். வித்துக் காசு பாக்கத் தொடங்கின பிறகு வயர் பேனை எடுங்க, அதுக்கு முதல் தேவல்ல.

காரைதீவுல இருந்து

அக்கா, என்ட மகளுக்கு பன்னெண்டு வயசு, படம் நல்லா வரைவா, இதக் குடுக்கலாமா? எங்க வாங்குற?

கல்லடியில இருந்து

குடுக்கலாம் தங்கச்சி, ஆனா நீங்க பக்கத்துல இருக்கணும். தலைமயிரக் கட்டணும், நைலோன் உடுப்பு வேணாம், பருத்தி போடட்டும். சீமெந்துத் தரையில வெறுங்காலோட இருக்க விடாதீங்க, செருப்புப் போட்டுக் கதிரையில இருக்கச் சொல்லுங்க. கீழ விழுற அயனக் கையால பிடிக்கப் போவாங்க, பெரிய ஆக்களே அப்படித்தான் செய்யுற, விழுந்தா விழட்டும் எண்டு முதலே சொல்லி வைங்க, வயர மேசைக்கு வெளிய தொங்க விடாதீங்க. எழும்புறதெண்டா பிளக்கக் கழட்டிட்டுத்தான் எழும்பணும். முதல்ல ஐஸ்கிறீம் குச்சி, மரக் கரண்டிப் பிடி மாதிரிச் சின்னச் சாமான் குடுங்க, கரண்டியில சாப்பாடு படுற பக்கம் சுட வேணாம்.

வாங்குறதுக்கு கல்முனை டவுன்ல எலக்ட்ரோனிக் சாமான் விக்கிற கடை ரெண்டு மூண்டு ஏறி இறங்குங்க. ஒன்லைன்ல எடுத்தா முனையும் சூடாக்கியும் தனியாக் கிடைக்கிற மொடலா எண்டு பாருங்க, அது கிடைக்காட்டி ஒரு முனை தேஞ்சாலே முழு அயனும் குப்பை. கடையில எடுத்தா பிளக்குல போட்டுக் காட்டச் சொல்லுங்க, அவசரப்படாம பத்து நிமிசம் நிண்டு, அட்டைத் துண்டு ஒண்டுல வச்சுப் பாத்து, திருகக் கூட்டிக் குறைக்கக்குள்ள வித்தியாசம் தெரியுதா எண்டு பாத்திட்டுக் காசக் குடுங்க.