சுடலைமாடன் கதைக்குள் நிற்க மறுக்கிறார், வழி சொல்லுங்கள்

நெல்லைப் பக்கத்துக் கிராமத்தில், சுடலைமாடன் என்ற காவல் தெய்வத்தின் கொடைவிழாவைச் சுற்றி நடக்கும் சிறுகதை. ஆடி மாதத்திலிருந்து ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது. நள்ளிரவுப் பூசையான சாமக்கொடையில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போன சாமியாடி, விடிந்ததும், பூசிய மஞ்சணைச் சாந்து கலையாத முகத்தோடு டீக்கடையில் கடன் சொல்லி வடை வாங்குகிறார். இரண்டும் ஒரே ஆள், அதுதான் கதை. எழுதினால் முதல் பாதி பேய்க்கதையாகிவிடுகிறது, மறுபாதி கேலியாகிவிடுகிறது.

வில்லுப்பாட்டுப் பதிவுகள் கேட்டேன். சாமியாடியே சொல்வதாக எழுதினேன். தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டார். பேரன் சொல்வதாக மாற்றினால் எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்கிறான். மாய யதார்த்தமாக எழுது என்கிறார் நண்பர். ஊர்க்காரர்களுக்கு இதில் மாயமே கிடையாதே!

கொடை பார்த்து வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்: சாமி இறங்கியவரிடம் மறுநாள் காலை வீட்டில் எப்படிப் பேசுவார்கள்?