பழைய சிந்தசைசரைத் தொட்ட அனுபவம் – யாருக்காவது இருக்கா?

இருபது வருஷம் கல்யாண ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்சவன் நான். மகனைப் பார்க்க லண்டன் போயிருந்தப்போ, அவனுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் ரிப்பேருக்கு வந்த மினிமூக்குங்கிற சிந்தசைசர் ஒண்ணைக் காட்டினார். 1970-ல வந்த மாடல். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்துல சி மேஜர் கார்டு (மூணு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிறது) பிடிச்சேன். 'சி' மட்டும்தான் கேட்டுச்சு. கெடுத்துட்டோமோன்னு கையை எடுத்துட்டேன். அவர் சிரிச்சார். அதுல ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்வரம்தானாம். எத்தனை கட்டையை அழுத்தினாலும் கீழ் ஸ்வரம்தான் பேசும்.

நாதஸ்வரக்காரர் மட்டும் என்ன கார்டா வாசிக்கிறார்? இடது பக்கம் சுருதியை வளைக்க ஒரு சக்கரம். இப்ப வர்ற கீபோர்டுல விரலை எடுத்தா அதுவே நடுவுக்கு வந்துடும். இதுல ஸ்பிரிங் கிடையாது, நாமதான் கொண்டுவரணும். தோடி காந்தாரத்தை அசைச்சுப் பார்த்தேன். முதல்ல ஆட்டுக்குட்டி கத்தின மாதிரி இருந்துச்சு. அரை மணி கழிச்சு லேசா தோடி எட்டிப் பார்த்துச்சு.

அதுக்குள்ள சுருதி நழுவிடுச்சு! உள்ளே ஸ்வரத்தை உண்டாக்குற மூணு ஆசிலேட்டர், சூடு ஏற ஏற ஆளுக்கொரு பக்கம் போகுது. பாடகி டோனா சம்மரோட 'ஐ ஃபீல் லவ்' (1977) பாட்டுக்குத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் மூக் மாடுலர்ங்கிற பெரிய சிந்தசைசரை வெச்சுப் பதிவு பண்ணினப்பவும் இதே தொல்லைதான். கொஞ்ச விநாடி பதிவு, நிறுத்து, சுருதி சேர், திரும்பப் பதிவு.

நல்ல சத்தம் அமைஞ்சா சேமிக்கவும் வழியில்லை. குமிழ் ஒவ்வொண்ணும் எங்கே நிக்குதுன்னு நோட்டுல படம் வரைஞ்சு வெச்சிருந்தார் அந்த மனுஷன்.

—

அண்ணா, நான் தொட்டது யமஹா டிஎக்ஸ்7. 1983 மாடல், ஒரே நேரத்துல 16 ஸ்வரம், உள்ளேயே சேமிச்சு வெச்ச 32 சத்தம். மாமா ஜப்பான்லேர்ந்து கொண்டுவந்தார். அது 100 வோல்ட்டுன்னு யாருக்குத் தெரியும்? நேரா சுவர் பிளக்ல சொருகிட்டேன். ஒரு புகை, ஒரு நாத்தம், மாமாவோட ஒரு பார்வை. எங்க தெரு ரேடியோ மெக்கானிக் ட்ரான்ஸ்ஃபார்மரை மாத்தி உயிர் கொடுத்தார்.

—

தம்பி, அதுல புதுசா ஏதாவது சத்தம் செஞ்சு பார்த்தியா?

—

எங்கண்ணா... 'அல்காரிதம் 5'னு ரெண்டு வரி ஸ்கிரீன்ல வந்ததும் ஓடி வந்துட்டேன். பத்து வருஷமும் 11-ம் நம்பர் எலெக்ட்ரிக் பியானோதான். அந்தப் பொத்தான் மேல எழுத்தே அழிஞ்சு போச்சு.