கழுத்தில் கம்பிச் சுருக்கோடு வந்த றோசி

கட்டாக்காலி நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து தேற்ற நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, முதல் வாரம் அவசரப்படாதீர்கள் என்பதைத்தான். பட்டினி கிடந்த நாய்க்கு வயிறு முட்டச் சோறு, சொறி பிடித்த உடம்புக்கு உடனே குளிப்பு, புண்ணுக்குக் கையில் அகப்பட்ட எண்ணெய் என்று இருக்கிற பாசம் முழுவதையும் ஒரே நாளில் கொட்டி, ஒரு வாரத்துக்குள் அந்த நாயைப் புதைத்தவர்களை எங்கள் பக்கத்திலேயே தெரியும். எல்லோரும் நல்ல மனம் உள்ளவர்கள்தான்.

வன்னியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கச்சான் கடைகளுக்குப் பக்கத்தில்தான் றோசியைக் கண்டேன். மற்ற நாய்களோடு சேராமல் ஒதுங்கி நின்றது. தூரத்தில் பார்க்க, யாரோ சிவப்புப் பட்டி கட்டிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், கிட்டப் போகத்தான் நாற்றம் வந்தது. பட்டி இல்லை, சதை. காட்டுக்கரை வயல்களில் பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் மாட்டி, இழுத்து அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் பிறேக் கம்பி அது. கழுத்தைச் சுற்றித் தோலுக்குள் இறங்கி மறைந்துபோய், அறுந்த நுனி மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே நின்றது. முதுகில் மயிர் இல்லை, காதுமடலுக்குள் ஆமணக்கம் விதை போல உண்ணிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

"பிள்ளை, கிட்டப் போகாதை, விசர் பிடிச்ச நாயோ தெரியாது, வாயால வடியுது பார்" என்று கச்சான் விற்கிற அக்கா கத்தினார். அவர் பயந்தது முழுக்க நியாயம். தொண்டை நெரிபட்டாலும் வாய்நீர் வடியும், விசரிலும் வடியும், வெறும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. விசர்நோயின் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் அதன்பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் பாவம் பார்த்து வெறுங்கையால் தூக்காதீர்கள். கடி, கீறல், புண்ணில் எச்சில் எது பட்டாலும் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். நாய்க்குட்டி கடித்தது தானே என்று மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கிற விளையாட்டு வேண்டாம்.

நெத்தலிக் கருவாடு போட்ட சோற்றுக்கு வந்து பழக விட்டுத்தான் அதைப் பிடிக்க முடிந்தது. ஒவ்வொரு நாளும் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி வைத்து, கடைசியில் கதவு வைத்த பெட்டிக்குள் சாப்பிட வைத்தோம். கால்நடை வைத்தியர் பெரும்பாலும் மாடு ஆடு பார்க்கிறவர், ஆனாலும் வேலை முடிந்து பின்னேரம் வந்து மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டி எடுத்தார். எடுத்த இடத்தில் புழு. ஈ முட்டை இட்டு ஒரு நாளுக்குள்ளேயே பொரித்துவிடும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார். தையல் போடவில்லை. சீழ் பிடித்த புண்ணை மூடித் தைத்தால் உள்ளேயே அழுகும், திறந்து விட்டால் அடியிலிருந்து சதை வளர்ந்து வரும் என்றார். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி உப்பு, அதால் காலையும் மாலையும் கழுவுவது என் வேலை. புண்ணைச் சொறியாமல் இருக்கப் பழைய பெயின்ற் வாளியின் அடியை வெட்டித் தலையில் மாட்டிவிட்டோம், விளிம்புக்குத் துணி சுற்றி.

இந்த நேரத்தில்தான் ஊரே வைத்தியராகிவிடும். புழுவுக்கு டர்பன்டைன் ஊற்று என்றார் ஒருவர், சொறிக்குக் கழிவு ஒயில் பூசு என்றார் இன்னொருவர். இரண்டும் நாயைக் கொல்லும். தோலைச் சுட்டுவிடுவது ஒரு பக்கம், நாய் அதை நக்கி விழுங்குவது மறுபக்கம். உண்ணிக்கும் சொறிக்கும் மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவில் அடிப்பதும் அப்படித்தான். ஒரு சதவீத மருந்தில் 1 மில்லிலீற்றர் என்பது 50 கிலோ மாட்டுக்கான அளவு, எலும்பும் தோலுமான நாய்க்கு அதை யார் அளந்து போடுவது? சொறியிலும் இரண்டு வகை இருக்கிறது, ஒன்று மற்ற நாய்களுக்குத் தொற்றும், நமக்கும் அரிப்பு வரும், மற்றது தொற்றாது. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் தெரியும். வைத்தியர் நாயின் நிறையைப் பார்த்தே மருந்து கொடுத்தார். ஈறு வெள்ளையாக இருந்ததால் உண்ணிக் காய்ச்சல் என்று டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் எழுதினார், அதை நாலு கிழமை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். நாய் எழும்பி ஓடத் தொடங்கியதும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. தட்டை நக்கி முடித்துவிட்டு அது பார்க்கிற பார்வை! ஆனால் கனநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சோறு போனால், இரத்தத்தில் இருக்கிற பொசுபரசும் பொட்டாசியமும் கலங்களுக்குள் ஓடிவிடும், அப்போது இதயம் தடுமாறும். சாப்பிட்டுச் செத்துப்போச்சு என்று சனம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அதனால் அது சாப்பிட வேண்டியதில் கால்வாசியில் தொடங்கி, அதையும் நாலைந்து தரமாகப் பிரித்து, கிழமைக் கணக்கில் கூட்டிக்கொண்டு போனோம். குளத்து மீன் அவித்து முள் எடுத்து, குழைந்த சோற்றோடு. பசுப்பால் வேண்டாம், வயிற்றால் போகும். குளிப்பும் பிறகுதான், நனைந்த உடம்பைச் சூடாக வைத்திருக்க அதனிடம் கொழுப்பே இல்லையே.

பக்கத்து வீட்டு ஆச்சி நாய் என்றாலே விரட்டுகிறவர். ஒரு நாள் நான் வேலையால் வர, வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து சிரட்டையில் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்காமலே சொன்னார்: "2008இல சண்டையில இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்க எங்கட வீமனை அவிட்டு விட்டுட்டுத்தான் போனனான் பிள்ளை. உழவு இயந்திரத்துக்குப் பின்னால தருமபுரம் மட்டும் ஓடி வந்தது. அங்கால காணேல்லை." அதற்குப் பிறகு அவர் நாய் வளர்க்கவில்லையாம். வன்னியில் இப்படி ஒரு நாய் இல்லாத வீடு குறைவு. மீளக்குடியமர்ந்து வந்தபோது தங்கள் வளவிலேயே தங்கள் நாய் நின்றதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லும்போது அழாதவர்களை நான் காணவில்லை. கட்டாக்காலி என்று நாம் கல்லெறிகிற நாய்களில் எத்தனை அந்த நாய்களின் பேரக்குட்டிகளோ.

உடம்பை விட மனம் தேறத்தான் காலம் எடுத்தது. விளக்குமாற்றை எடுத்தால் போதும், அப்படியே படுத்து ஒன்றுக்குப் போய்விடும். நாங்கள் தொடப் போகவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்து எங்கள் வேலையைச் செய்தோம். கண்ணுக்குள் பார்ப்பதும் மேலே குனிவதும் நாய்க்கு மிரட்டல். பிறகு ஒரு பின்னேரம் அதுவாகவே வந்து வாளியோடு முழங்காலில் இடித்தது. பிள்ளைகள் அன்றைக்குத்தான் றோசி என்று பேர் வைத்தார்கள்.

இப்போது மயிர் முழுக்க வந்துவிட்டது, கழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது. அதில் பட்டி கட்டுவதில்லை, நெஞ்சோடு மாட்டுகிற வார்தான். உடம்பு பிடித்ததும் கருத்தடை செய்தோம். வருடத்துக்கு இரண்டு தடவை சினைக்கு வருகிற பெட்டை, இரண்டு மாதத்தில் குட்டி போடும், அந்தக் குட்டிகள் திரும்பவும் வீதிக்குத்தான். 2006இல் இருந்து கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான், ஆனால் கருத்தடையும் தடுப்பூசியும் கூடவே நடக்காவிட்டால் ஏ9 வீதியில் வாகனம்தான் அவற்றைக் குறைக்கும். அடிபட்டுக் கிடக்கிறதைத் தினமும் பார்க்கிறோம்.

விசர்நாய்த் தடுப்பூசி வருடா வருடம் போடுங்கள், அரசாங்கம் போடுகிற இடங்களில் காசு இல்லை. அட்டையை வாங்கி வீட்டில் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள், யாரையாவது கடித்துவிட்டால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்றுதான்.